தாத்தாவின் பாம்புத் தடி: வார்னிஷ் அடிக்கலாமா?

பென்னாகரத்தான்:
பரணை ஒழித்தபோது தாத்தாவின் கைத்தடி கிடைத்தது. அடியிலிருந்து ஒரு பாம்பு மூன்று சுற்றுச் சுற்றி ஏறி, பிடிக்குக் கீழே படம் எடுக்கிறது. செதில் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செதுக்கியது. கண்ணுக்கு இரண்டு குன்றிமணி, ஒன்று விழுந்துவிட்டது. பிடி கறுப்புக் கொம்பு. பித்தளைப் பூண் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது, தாத்தா இடது காலை இழுத்து நடந்தவர். ஆடுகளைவிடப் பேரப்பிள்ளைகளைத்தான் அந்தத் தடி அதிகம் மேய்த்தது. தர்மபுரியில் ஒரு கடைக்காரர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு விற்றுத் தருகிறேன் என்று மைத்துனர் வேறு நச்சரிக்கிறார்.

உளிக்காரர், தேன்கனிக்கோட்டை:
உப்புத்தாளைப் பக்கத்திலேயே விடாதீர்கள், தம்பி. கை பட்டுப் பட்டு ஏறிய மெருகு போய்விடும், செதில் முனையும் மழுங்கிவிடும். பழைய பல் தூரிகையால் தூசு தட்டி, தேன்மெழுகைத் துணியில் லேசாகத் தொட்டுத் தேயுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது காயாது, அழுக்கைப் பிடித்துக்கொள்ளும்.
ஒரு சந்தேகம். பாம்பு முழுவதும் செதுக்கியதுதானா? இளங்கிளையைக் கொடி சுற்றி இறுக்கினால் மரம் புடைத்துச் சுருள் விழும். அப்படிப்பட்ட கிளையாகத் தேடி வெட்டி, செதில் மட்டும் போடுவதுண்டு. மர ரேகை சுருளோடு வளைந்து ஓடினால் கொடியின் வேலை. நேராக ஓடிச் சுருளில் அறுபட்டால் உளியின் வேலை.

ஓசூர் வாசகர்:
முதலில் பிடியைப் பாருங்கள். மான் கொம்பு சொரசொரப்பாக, பழுப்பாக இருக்கும்; வெட்டுவாயின் நடுவில் எலும்பு போலத் துளைகள் தெரியும். எருமைக் கொம்பு கறுத்து வழவழப்பாக, ஏடு ஏடாக உரியும். மான் கொம்பென்றால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும், விற்க முடியாது. நூறு ஆண்டு தாண்டிய கலைப்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பவும் தடை; அந்தத் தொல்பொருள் சட்டமும் அதே 1972தான்.

பென்னாகரத்தான்:
டார்ச் அடித்துப் பார்த்தேன், ஐயா. ரேகை சுருளோடு வளைந்துதான் ஓடுகிறது. படத்தில் மட்டும் அறுபடுகிறது. உடம்பைக் கொடி செய்திருக்கிறது, தலையை யாரோ ஒரு ஆள். பிடி எருமைக் கொம்பு. கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மைத்துனரிடம் நூறு ஆண்டுச் சட்டத்தை மட்டும் படித்துக் காட்டினேன். தாத்தா எந்த வருடம் பிறந்தார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.