போர்வெல் மேல போர்வெல் போடுறோம், கூட்டத்துல முடிவே வரல, என்ன பண்றது?

தோட்டத்துக்காரன்:
எங்களுக்கு உடுமலைப் பக்கமுங்க, பூரா தென்னை. அப்பா காலத்துல கிணத்துத் தண்ணியே போதும், இப்ப 900 அடி ஓட்டியும் புகைதான் வருது. உழவர் குழுவுல ஒருத்தர் சொட்டுநீர் போடலாம்ங்கறாரு, ஒருத்தர் குளத்தை தூர் வாரணும்ங்கறாரு, இன்னொருத்தர் இன்னும் ஆழமா போவோம்ங்கறாரு, எல்லார் பேச்சுலயும் நியாயம் இருக்கு ஆனா முடிவு வரமாட்டேங்குது. புள்ளிவிவரம் எதுவும் கையில இல்ல. நம்பர் இல்லாம யோசிக்க வழி இருக்குங்களா?

நீர்மட்டம்:
இருக்குங்க. காசல் லூப் படம் வரைங்க, அதாவது எது எதைப் பாதிச்சு சுத்தி வருதுன்னு காட்டுற படம். அமெரிக்காவுல இருக்குற எம்ஐடியில ஜே ஃபாரஸ்டர் 1950கள்ல ஆரம்பிச்ச சிஸ்டம் டைனமிக்ஸ்ங்கற துறை வழியா வந்தது, ஒண்ணோட ஒண்ணு பின்னியிருக்குற விஷயங்கள் காலப்போக்குல எப்படி மாறுதுன்னு பாக்குற துறை அது, ஆனா ஒரு சார்ட் பேப்பர் போதும். நீர்மட்டம், போர், தென்னைப் பரப்பு, கடன்னு எழுதி நடுவுல அம்பு போடுங்க. ஒண்ணு கூடினா இன்னொண்ணும் கூடுதுன்னா பிளஸ், குறையுதுன்னா மைனஸ். நீர்மட்டம் இறங்குது, பயத்துல ஆழமா ஓட்டுறோம், அதனாலயே மறுபடி இறங்குது, இது தன்னைத்தானே வளர்க்குற வளையம். தண்ணி எடுக்குற செலவு ஏறினா மோட்டார் ஓடுறது குறையணும், நம்மகிட்ட அந்த அம்பு ரொம்ப மெலிசு, ஏன்னா பம்புசெட்டுக்கு கரண்ட் இலவசம். இலவசம் தப்புன்னு நான் சொல்லல, விவசாயிக்கு அது உயிர், ஆனா படத்துல அது தெரியணும். சொட்டுநீர்ல மிச்சமாகுற தண்ணிய வெச்சு இன்னும் 2 ஏக்கர் நடுவோமா இல்லையா? அந்த அம்பையும் மறக்காம போடுங்க.

களப்பணி அக்கா:
தம்பி, பேனா யார் கையிலங்கறது முக்கியம். நாங்க ஒரு ஊர்ல வரைஞ்சப்ப பெரிய தோட்டக்காரங்க மட்டும் பேசினாங்க, குடிதண்ணிங்கற வார்த்தையே சார்ட்ல வரல. அடுத்த வாரம் பெண்களோட தனியா உக்காந்தோம், படமே மாறிடுச்சு. அம்புக்கு முன்னாடி ரிச் பிக்சர் ஒண்ணு வரைங்க, லங்காஸ்டர் பல்கலைக்கழகத்துல பீட்டர் செக்லேண்ட் கொண்டுவந்த முறையில வர்றது. யார் இருக்காங்க, யாருக்கு என்ன கவலை, எங்க சண்டைன்னு சும்மா கோட்டோவியமா போட்டாலே போதும்.

தோட்டத்துக்காரன்:
நன்றிங்க அக்கா, இது எங்களுக்குத் தோணவே இல்ல. தூர் வாரினா பலன் தெரிய நாளாகுமே, அதை எப்படி காட்டுறது?

நீர்மட்டம்:
அம்பு மேல குறுக்கால ரெண்டு கோடு போடுங்க, தாமதம்னு அர்த்தம். போர் பக்கம் அந்தக் கோடு இருக்காது, ஓட்டின அன்னிக்கே தண்ணி இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடும், அதான் எல்லாரும் ரிக் வண்டியவே கூப்பிடுறாங்க.