லேவர்கூசன் என்று அடித்தால் வேறொரு லேவர்கூசன்

ஜெர்மனியில் ஊர்ப் பேர், ஆள் பேர் குழப்பத்தில் மாட்டின கதையை ஆளுக்கொன்றாக இங்கே சொல்லிக்கொண்டிருக்கிறோம். வழி தவறிய கதை என்னிடமும் ஒன்று இருக்கிறது.

ரெம்ஷைட் நகரத்தின் ஒரு பகுதியான லென்னெப், எக்ஸ்-ரே கண்டுபிடித்த ரான்ட்கன் பிறந்த ஊர். அங்கே மியூசியம் பார்த்துவிட்டு லேவர்கூசனில் இருக்கும் ரூமுக்குக் கிளம்பினோம். நண்பன் வண்டி ஓட்ட, மேப்பில் ஊர்ப் பேரை அடித்தது நான். சில நிமிஷம்தான் என்று காட்டியது. காலையில் வர அரை மணிக்கு மேல் ஆனதே, அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா?

போய் நின்ற இடத்தில் நாலைந்து வீடு, சுற்றிலும் புல்வெளி. சுவரெல்லாம் கறுப்புக் கல் ஓடுகளால் போர்த்தி, ஜன்னலுக்குப் பச்சைக் கதவு. நாயோடு வந்த பெரியவரிடம் கேட்டேன். "இதுவும் லேவர்கூசன்தான். அந்தப் பெரிய ஊர் எங்களிடம் வாங்கின பேர்" என்றார். சும்மா பெருமை பேசுகிறார் என்றுதான் நினைத்தேன்.

வந்து தேடிப் பார்த்தால் நிஜம். இந்தக் குக்கிராமத்திலிருந்து போன குடும்பத்துக்கு ஊர்ப் பேரே குடும்பப் பேராகி, லேவர்கூஸ் ஆனது. அதில் வந்த கார்ல் லேவர்கூஸ் 1834-இல் வெர்மெல்ஸ்கிர்ஷனில் அல்ட்ராமரின் நீலம் தயாரிக்கத் தொடங்கினார். வெள்ளை வேட்டிக்குப் போடுவோமே, அந்த நீலப் பொடிச் சரக்குதான். பிறகு தொழிற்சாலையை ரைன் கரையில் வீஸ்டார்ஃபுக்கு மாற்றி, அங்கே எழுந்த குடியிருப்புக்குப் பூர்வீக ஊரின் பேரை வைத்தார். 1930-இல் வீஸ்டார்ஃப், ஷ்லேபுஷ், ஸ்டைன்பூஷல், ரைன்டார்ஃப் நான்கும் ஒரே நகரமானபோது அந்தப் பேரே நிலைத்துவிட்டது. ஊர் ஆளுக்குப் பேர் கொடுத்தது, ஆள் அதைக் கொண்டுபோய் வேறொரு ஊருக்குக் கொடுத்துவிட்டார்!

*

மேலே சொன்னவருக்கு: 1891-இல் லேவர்கூஸ் குடும்பத்திடம் அந்த ரைன் கரை இடத்தை வாங்கிய மருந்துக் கம்பெனியின் பேரும் இதே ரகம்தான், இடப் பேரிலிருந்து வந்த குடும்பப் பேர். நம் ஆட்கள் 'பேயர்' என்பார்கள், ஜெர்மன்காரன் வாயில் அது 'பையர்'. தெற்கு ஜெர்மனியில் இருக்கும் பவேரியாக்காரன் என்று அர்த்தம். பவேரியாவுக்குள் எல்லோருமே பவேரியாக்காரர்கள், அங்கே அப்படிக் கூப்பிட்டு என்ன பிரயோஜனம்? வெளியூர் போய்க் குடியேறினவனுக்குத்தான் அது ஒட்டும். ஹெஸ் (ஹெஸ்ஸன்காரன்), ஷ்வாப் (ஸ்வாபியாக்காரன்), பேம் (பொஹீமியாக்காரன்) என்ற குடும்பப் பேரெல்லாம் அப்படி வந்தவைதான். என் டீமில் ஒரு ஹெஸ் உண்டு. "ஹெஸ்ஸனில் எந்த ஊர்?" என்று முதல் நாளே கேட்டு அசடு வழிந்தேன். அவர் அந்தப் பக்கமே போனதில்லையாம்.

*

நானும் அசடு வழிந்தவன்தான். இந்த வட்டாரத்துக்கு பெர்கிஷஸ் லான்ட் என்று பேர். ஜெர்மனில் 'பெர்க்' என்றால் மலை, அதனால் மலைநாடு என்று வந்த விருந்தாளிக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். மலை உண்டுதான். ஆனால் பேர் வந்தது பெர்க் பிரபுக்கள் ஆண்டதால்!

இன்னொன்று. பேயர் தலைமை அலுவலகம் அப்போது இருந்த எல்பர்ஃபெல்டிலிருந்து லேவர்கூசனுக்கு மாற்றல் என்றாலே அந்தக் காலத்து பேயர் ஊழியர்கள் அலறுவார்களாம், நம்மூரில் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன் என்று மிரட்டுவது மாதிரி. பிடிக்காதவனை அங்கே அனுப்பிவிடுவார்கள் என்று கேலிப்பாட்டே கட்டி வைத்திருக்கிறார்கள். 1912-இல் தலைமை அலுவலகமே அங்கே போய்விட்டது. பாட்டுக் கட்டினவர்களும் பெட்டி கட்டியிருப்பார்கள்.