ஐயாயிரம் டாலருக்கு ஒரு செனட்டர் போர் ஓட்டை மாற்றுவாரா?

மண்டிக் கணக்கர்:
பரதராமி தாண்டி சித்தூர் போகும் வழியில் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், வேலையில் தெலுங்கு. இருபத்திரண்டு வருடமாக மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். சீசன் முடிந்து சாயங்காலம் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது, அதனால் இந்தக் கேள்வி.

டீக்கடையில் ஒருத்தர், "அமெரிக்காவில் ஆயுதக் கம்பெனிக்காரன் காசு கொடுப்பான், எம்.பி. போருக்குக் கை தூக்குவான், அவ்வளவுதான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்குக் கணக்கு இடிக்கிறது. அங்கே கம்பெனி வேட்பாளருக்கு நேராகப் பணம் கொடுக்க முடியாது. பேக் என்று ஒரு நிதிக்குழு வைத்து, ஊழியர்களிடம் திரட்டிக் கொடுக்கலாம். அதற்கும் ஒரு தேர்தலுக்கு ஒரு வேட்பாளருக்கு 5,000 டாலர்தான் உச்சவரம்பு. நம்ம காசுக்கு நாலு லட்சம் சொச்சம். எங்கள் முதலாளி பெரிய தோப்புக்காரர்களுக்குப் பூ பிடிக்கும்போதே கொடுக்கிற அட்வான்ஸ் அதைவிட அதிகம்.

கோடி கோடியாகச் செலவழித்து ஜெயித்த செனட்டர், நாலு லட்சத்துக்காகவா உயிர் போகிற விஷயத்தில் ஓட்டை மாற்றுவார்? மாற்ற மாட்டார் என்றால், கம்பெனிகள் ஏன் விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன? வீண் செலவு செய்கிற ஆட்கள் இல்லையே அவர்கள்.

நகரித் தறி:
அண்ணா, நீங்கள் சில்லறையை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். 2010-இல் வந்த நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு சூப்பர் பேக் என்று ஒன்று வந்துவிட்டது. வேட்பாளர் கையில் கொடுக்காமல் தனியாக விளம்பரம் போடுவதானால் உச்சவரம்பே கிடையாது.

2024 ஜூனில் நியூயார்க் பக்கம் ஜமால் போமன் என்ற கீழவை எம்.பி., காசா போரை எதிர்த்துப் பேசிவந்தவர், தன் கட்சி உள்தேர்தலிலேயே தோற்றார். இஸ்ரேல் ஆதரவு அமைப்பான ஏய்பேக்கின் சூப்பர் பேக் அந்த ஒரே ஒரு தொகுதியில் 1.4 கோடி டாலருக்கு மேல் இறக்கியது. ஆகஸ்டில் மிசூரியில் கோரி புஷ் என்ற எம்.பி.க்கும் இதே கதி. வேடிக்கை என்னவென்றால், அந்த விளம்பரங்களில் காசாவைத் தேடினாலும் கிடைக்காது. உள்கட்டமைப்பு மசோதாவுக்கு இவர்கள் எதிராக ஓட்டுப் போட்டார்கள் என்பதுதான் பெரிய குற்றச்சாட்டு. ஜனங்களுக்குச் சொன்னது ரோடு, பாலம். சபையில் இருக்கும் மற்ற 430 சொச்சம் பேருக்குப் புரிந்தது வேறு.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
போமன் விஷயத்தில் எல்லாப் பழியையும் பணத்தின் மேல் போட வேண்டாம். நாடாளுமன்ற அலுவலகக் கட்டடத்தில் தீ எச்சரிக்கை மணியை வீணாக இழுத்து, குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியவர் அவர். எதிர்த்து நின்றவரும் அந்த ஊரில் செல்வாக்கான ஆள். ஏற்கெனவே விரிசல் விட்ட சுவரில்தான் பணம் கடப்பாரை போட்டது.

பணமே இல்லாமலும் போர் ஓட்டு விழும். 2001 செப்டம்பர் 14, இரட்டைக் கோபுரம் விழுந்து மூன்றாவது நாள். படையை அனுப்ப அதிபருக்கு அதிகாரம் கொடுக்கும் தீர்மானம் கீழவையில் 420-க்கு 1 என்று நிறைவேறியது. அந்த ஒருவர் கலிஃபோர்னியாவின் பார்பரா லீ. அன்றைக்கு எந்த லாபிக்காரரும், அதாவது காசு வாங்கிக்கொண்டு ஒருத்தருக்காக எம்.பி.க்களைப் பார்த்துப் பேசுகிற ஆளும், யாரையும் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கவில்லை. கோபமும் பயமும் போதும்.

அண்ணா கேட்ட கேள்விக்கு நல்ல உதாரணம் ஏமன். சவுதி நடத்திய போருக்கு அமெரிக்க உதவியை நிறுத்தச் சொல்லும் தீர்மானம் 2018 மார்ச்சில் செனட்டுக்கு வந்தது. 55-44 என்று ஓரங்கட்டிவிட்டார்கள். அதே வருடம் டிசம்பரில் அதே தீர்மானம் 56-41 என்று நிறைவேறியது. நடுவில் நடந்தது, அக்டோபரில் இஸ்தான்புல் சவுதி துணைத் தூதரகத்தில் பத்திரிகையாளர் ஜமால் கஷோகி கொலை. சவுதியின் லாபிப் பணம் இரண்டு ஓட்டெடுப்பின்போதும் இருந்தது. ஆனால் கொலைக்குப் பிறகு ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. வாஷிங்டனில் சவுதிக்காக வேலை செய்த லாபி நிறுவனங்களில் சிலகூடக் கழன்றுகொண்டன.

இனிமேல்தான் உங்களுக்குப் பிடித்த இடம். அதே டிசம்பரில் கீழவையில் அந்தத் தீர்மானம் ஓட்டுக்கே வரவில்லை. எப்படித் தடுத்தார்கள் தெரியுமா? விவசாய மசோதாவை எந்த முறையில் விவாதிப்பது என்று ஒரு விதிமுறைத் தீர்மானம் இருந்தது. அதற்குள் ஏமனை இந்தக் கூட்டத்தொடர் முடியும்வரை எடுக்கக் கூடாது என்று ஒரு வரியைச் செருகிவிட்டார்கள். 206-203. ஏமன் போர் பற்றித் தனியாக ஓட்டுப் போடாமலே அந்த வருடத்தை ஓட்டிவிட்டார்கள். அந்த ஒரு வரியை யாராவது காசு கொடுத்து எழுத வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் லாபிக்காரர் வேலை செய்கிற இடம் இந்த மாதிரி மூலைமுடுக்குதான். எல்லார் கண்ணும் இருக்கிற ஓட்டெடுப்பை அசைப்பது கஷ்டம். ஓட்டெடுப்பே வராமல் பார்த்துக்கொள்வது சுலபம்.

பிறகு 2019-இல் இரண்டு சபையிலும் நிறைவேறி, டிரம்ப் வீட்டோ செய்து, அதை மீற மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டிய இடத்தில் செனட்டில் 53-45 மட்டுமே கிடைத்து அமுங்கியது தனிக் கதை.

நகரித் தறி:
சரி டீச்சர், நம்ம நாட்டில்?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
இங்கே போருக்கு நாடாளுமன்றம் ஓட்டுப் போட வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. முடிவு அமைச்சரவையுடையது. 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு கொறடா சொன்னபடிதான் கை தூக்க வேண்டும், மீறினால் பதவி போகும். ஒவ்வொரு எம்.பி.யாகப் பிடிப்பதைவிடக் கட்சியைப் பிடிப்பது மலிவு. அதற்கு வசதியாக இருந்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஒன்று மட்டும் அமெரிக்காவில் பரவாயில்லை. வெளிநாட்டுக்காக லாபி செய்பவர் யாரைப் பார்த்தார், யாருக்கு நன்கொடை கொடுத்தார் என்று அரசிடம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். 1938-இல் போட்ட சட்டம். நாமும் படிக்கலாம். இங்கே லாபி என்பதற்கே சட்டம் கிடையாது, அதனால் பேரேடும் கிடையாது.

மண்டிக் கணக்கர்:
பேரேடு என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது, சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே தோப்பு, பாகப்பிரிவினை வழக்கு. முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். முதலாளி தை மாதம் அண்ணனுக்கும் அட்வான்ஸ் கொடுத்தார், தம்பிக்கும் கொடுத்தார். இரண்டு பக்கத்தையும் என் கையால்தான் எழுதினேன். "ஏன் சார் இரண்டு பேருக்கும்?" என்றேன். "வழக்கு எப்படிப் போனாலும் மாங்காய் எங்கேயாவது இறங்கணும் இல்லையா" என்றார். ஆனியில் தோத்தாபுரி விலை விழுந்து, ட்ராக்டர் எல்லாம் ரோட்டோரம் ராத்திரி முழுக்க வரிசையில் நின்றபோது, அந்தத் தோப்பு வண்டி நேராக எங்கள் வாசலுக்கு வந்தது. யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதிலுக்கு அந்த வீட்டுப் போன் வந்தால் முதலாளி சாப்பாட்டை விட்டு எழுந்து எடுப்பார்.

ஆயுதக் கம்பெனிகளின் பேக் நிதிகள் இரண்டு கட்சிக்கும் கொடுப்பது ஏன் என்று இப்போது புரிகிறது. 5,000 டாலர் ஓட்டுக்கான விலை இல்லை. அட்வான்ஸ். நான்தான் தப்பான பத்தியில் எழுதிப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று, அட்வான்ஸ் வாங்கிவிட்டு வேறு மண்டியில் இறக்குகிற ஆட்களும் எங்கள் ஊரில் உண்டு. அடுத்த வருடம் அவர்களுக்குக் கிடைக்காது. தோற்றுப்போன போமன் அந்த ரகம்கூட இல்லை, வாங்காமலே அடி வாங்கியவர்.

டீச்சர், விவசாய மசோதாவுக்குள் போரைப் புதைத்த கதையை நாளைக்கு டீக்கடையில் சொல்லப் போகிறேன். நம்பப் போவதில்லை.

நகரித் தறி:
206-203 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள் அண்ணா. கணக்கர் கையெழுத்து என்றால் நம்புவார்.