ஸ்பானிஷ் பெயரடைகள்: ஓ, ஆ பார்த்துத்தான் போட்டேன், ஆனாலும் சிவப்பு வட்டம். உதவி தேவை

முதல்பாடம் எழுதியது:

வணக்கம். ஸ்பானிஷில் ஏ1 எனும் தொடக்க நிலையில் இருக்கிறேன், டெலே என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வு எழுதலாம் என்று ஓர் எண்ணம். போன வாரம் பெயரடைப் பாடம் முடிந்தது. ஆண்பாலுக்கு ஓ, பெண்பாலுக்கு ஆ, பன்மை என்றால் கடைசியில் ஒரு ஸ், அவ்வளவுதானே என்று வீட்டுப்பாடத்தை எழுதிக் கொடுத்தால் பாதிக்கு மேல் சிவப்பு வட்டம். சரியான வடிவத்தை மேலே எழுதியிருக்கிறார்கள், ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. என் போனில் ஸ்பானிஷ் குறிகள் ஒழுங்காக வரவில்லை, அதனால் தமிழ் எழுத்திலேயே போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிறிய பிரச்சினைக்கு "எல் ப்ரோப்லேமா பெகேன்யா" என்று எழுதினேன், பெகேன்யோ என்று திருத்தம். குளிர்ந்த கைக்கு "லா மானோ ஃப்ரியோ", அதை ஃப்ரியா ஆக்கியிருக்கிறார்கள். நீலச் சட்டைக்கு "உனா கமீசா அசுலா" என்றேன், சட்டை பெண்பால்தானே, ஆனால் வெறும் அசுல் போதுமாம். என் பெரிய வீடு "மி கிராந்தே காசா" என்பது "மி காசா கிராந்தே" ஆகிவிட்டது. நல்ல நண்பன் "உன் புவேனோ அமீகோ" என்றால் புவேனோவின் வாலை வெட்டி "புவேன்" ஆக்கியிருக்கிறார்கள். மக்கள் நல்லவர்கள் என்பதற்கு "லா ஹென்தே சோன் புவேனோஸ்" எழுதினேன், "லா ஹென்தே எஸ் புவேனா" என்று ஒருமையாக மாற்றியது சுத்தமாகப் புரியவில்லை. "எஸ்தோய் கன்சாதோ", நான் களைப்பாக இருக்கிறேன், இதில் என்ன தப்பு? செயலியில் அப்படித்தானே சொல்லிக்கொடுத்தார்கள்.

யாராவது பொறுமையாக விளக்க முடியுமா?

ஒற்றைவரி:

பெயர்ச்சொல்லின் கடைசி எழுத்தைப் பார்க்காதீர்கள், முன்னால் நிற்கும் எல், லா-வைப் பாருங்கள். எல் என்றால் ஆண்பால், லா என்றால் பெண்பால். எல் ப்ரோப்லேமா, அதனால் பெகேன்யோ. லா மானோ, அதனால் ஃப்ரியா. வேலை முடிந்தது.

முதல்பாடம்:

நன்றி. ஆனால் அப்படிப் பார்த்தால் குளிர்ந்த தண்ணீர் "எல் ஆகுவா ஃப்ரியோ" என்றுதானே வர வேண்டும்? அடுத்த பக்கத்தில் அதையும் வட்டம் போட்டு ஃப்ரியா என்று எழுதியிருக்கிறார்களே!

கோடைமழை:

ஒற்றைவரி சொன்னது பெரும்பாலும் சரி, ஆகுவாவில் மட்டும் காலை வாரிவிடும். ஆகுவா பெண்பால்தான். அழுத்தம் விழும் ஆ-வில் தொடங்கும் பெண்பால் சொல்லுக்கு நேர் முன்னால், ஒருமையில் மட்டும், லா-வுக்குப் பதில் எல் வரும். இந்த எல் ஆண்பால் எல்லே இல்லை. லத்தீனின் "இல்லா" என்ற பெண்பால் சொல் பழைய ஸ்பானிஷில் எலா ஆகி, உயிரெழுத்துக்கு முன்னால் தேய்ந்து எல் என்று நின்றுவிட்டது. பன்மைக்குப் போனால் குட்டு வெளிப்படும்: லாஸ் ஆகுவாஸ் ஃப்ரியாஸ். நடுவில் வேறொரு சொல் புகுந்தாலும் லா திரும்பி வரும்: லா மிஸ்மா ஆகுவா, அதே தண்ணீர். இந்தத் தண்ணீர் என்றால் எஸ்தா ஆகுவா, நிறையத் தண்ணீர் முச்சா ஆகுவா. பசிக்கும் இதே கதைதான், எல் ஆம்ப்ரே, ஆனால் முச்சா ஆம்ப்ரே.

ப்ரோப்லேமா கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கிருந்து "மா" என்ற முடிவோடு வந்த சொற்களில் பெரும்பாலானவை ஆண்பால்: எல் தேமா, எல் சிஸ்தேமா, எல் இதியோமா, எல் க்லீமா, எல் ப்ரோக்ராமா. மா-வில் முடிகிற எல்லாமே அப்படி என்று நினைத்துவிடாதீர்கள், கட்டில் லா காமா, கையெழுத்து லா ஃபிர்மா. மானோ லத்தீனிலேயே பெண்பால். ஃபோத்தோ, மோத்தோ இரண்டும் ஃபோத்தோக்ராஃபியா, மோத்தோசிக்லேத்தா என்ற நீண்ட பெண்பால் சொற்களின் சுருக்கம், அதனால்தான் லா.

இனி நீங்கள் தடுமாறுகிற அசல் இடத்துக்கு வருகிறேன். தமிழில் பெயரடை அசையவே அசையாது. நல்ல பையன், நல்ல பெண், நல்ல புத்தகங்கள், எங்கேயும் அதே "நல்ல"தான். அந்தப் பழக்கத்தோடு ஸ்பானிஷ் பக்கம் போனால் ஒவ்வொரு பெயரடையும் தொந்தரவாகத் தெரியும். "நல்ல" என்று நினைக்காமல் நல்லவன், நல்லவள், நல்லவர்கள் என்று நினைத்துப் பாருங்கள். யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவருக்கு ஏற்ப வால் மாறுவது நமக்கு ஒன்றும் புதிதில்லை, ஸ்பானிஷ் அந்த வாலைப் பெயரடையிலேயே ஒட்டிவிடுகிறது. ஒரே வித்தியாசம், அங்கே உயர்திணை அஃறிணை பிரிவு கிடையாது. மேசையும் "அவள்"தான், புத்தகமும் "அவன்"தான்.

ஹென்தே குழப்பமும் இங்கேதான் தீரும். தமிழில் மக்கள் என்றால் பன்மை வினை. ஸ்பானிஷில் லா ஹென்தே எத்தனை பேரைக் குறித்தாலும் பெண்பால் ஒருமை, வினையும் பெயரடையும் அப்படியே போகும்.

நடுராத்திரி:

இவ்வளவு இலக்கணம் எதற்கு, ஸ்பானிஷ் டிவி தொடர் பார்த்து, பாட்டுக் கேட்டால் தானாக வந்துவிடும்.

கோடைமழை:

வரும், மறுக்கவில்லை. ஆனால் அவர் தேர்வு எழுதப் போகிறார், "காதில் அப்படித்தான் கேட்டது" என்று விடைத்தாளில் எழுத முடியாது.

நிலவரைபடம்:

கோடைமழை சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு விதிகளைவிட ஊர்ப்பெயர்கள்தான் மனதில் நிற்கும், ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வரைபடத்தை விரித்தால் பெயரடைப் பாடம் முழுவதும் அதிலேயே கிடக்கிறது.

கோஸ்தா ரீகா, புவெர்த்தோ ரீகோ. வளமான என்ற ஒரே பெயரடைதான். கடற்கரையைக் குறிக்கும் கோஸ்தா பெண்பால், துறைமுகத்தைக் குறிக்கும் புவெர்த்தோ ஆண்பால். பன்மை வேண்டுமா, மெக்சிகோவில் அமெரிக்க எல்லையை ஒட்டி பியெத்ராஸ் நெக்ராஸ் என்று ஓர் ஊர், கருங்கற்கள் என்று பொருள், பெண்பால் பன்மை. அர்ஜென்டினாவின் புவேனோஸ் ஐரேஸ், நல்ல காற்றுகள், ஆண்பால் பன்மை, அங்கே பெயரடை முன்னால் நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். அதே ஊரில் அதிபரின் அலுவலக மாளிகை காசா ரோசாதா, இளஞ்சிவப்பு வீடு.

உங்கள் அசுல் விவகாரத்துக்கு மெக்சிகோவின் ஆகுவாஸ்காலியென்தேஸ். வெந்நீர் ஊற்றுகளால் வந்த பெயர். காலியென்தே ஏ-யில் முடிவதால் ஆண், பெண் இரண்டுக்கும் ஒன்றுதான், பன்மைக்கு ஸ் மட்டும் சேரும். கிராந்தே, வெர்தே, இன்தெலிஹென்தே எல்லாம் இந்தக் கூட்டம். மெய்யெழுத்தில் முடிகிற அசுல், ஃபாசில் போன்றவையும் பால் பார்க்காது, பன்மையில் எஸ் சேர்ந்து அசூலெஸ், ஃபாசிலெஸ் ஆகும். ஸ்பெயினின் சியுதாத் ரெயால் பார்த்தீர்களா, நகரம் என்ற சியுதாத் பெண்பால், அரச என்ற ரெயால் அசையவில்லை.

இதில் கண்ணி எங்கே என்றால் நாட்டுப் பெயர்களில். எஸ்பான்யோல் மெய்யில் முடிந்தாலும் பெண்ணுக்கு எஸ்பான்யோலா, இங்லேஸ் என்பது இங்லேசா. உழைப்பாளி என்ற திரபஹதோர், திரபஹதோரா ஆகும். ஆனால் மாட்ரிட்டின் நடுவிலுள்ள சதுக்கம் பிலாசா மயோர்தான், மயோரா இல்லை, பிலாசா பெண்பாலாக இருந்தும். மயோர் (பெரிய), மெனோர் (சிறிய), மெஹோர் (மேலான), பெயோர் (மோசமான) இந்த நான்கும் பெண்பாலுக்கு மாறவே மாறாது, பன்மைக்கு மட்டும் எஸ் வாங்கும்.

வால் வெட்டுவதும் வரைபடத்தில் உண்டு. கிராந்தே ஒருமைப் பெயருக்கு முன்னால் வந்தால் கிரான் ஆகிவிடும், ஆண், பெண் பேதம் இல்லை: மாட்ரிட்டின் கிரான் வியா, கனேரித் தீவுகளில் கிரான் கனாரியா. புவேனோ (நல்ல), மாலோ (கெட்ட), பிரிமேரோ (முதல்), தெர்சேரோ (மூன்றாம்) ஆகியவை ஆண்பால் ஒருமைக்கு முன்னால் மட்டும் வாலை இழக்கும்: புவேன் அமீகோ, ஆனால் புவேனா அமீகா. புனித என்ற சான்தோவும் அப்படித்தான், சான் சால்வதோர், சான் ஹோசே. தோ என்று தொடங்கும் பெயர் வந்தால் சான்தோ முழுசாக நிற்கும், சான்தோ தொமிங்கோ, சான்தோ தொமாஸ். பெண்பாலுக்கு எப்போதும் சான்தா, சான்தா க்ரூஸ்.

முதல்பாடம்:

அடேயப்பா, புவெர்த்தோ ரீகோவை இத்தனை நாள் வெறும் பெயராகத்தான் பார்த்தேன். சரி, அப்படியென்றால் "மி கிரான் காசா" என்று எழுதியிருந்தால் சரியாகியிருக்குமா?

நிலவரைபடம்:

இலக்கணம் சரி, பொருள் மாறிவிடும். பெயரடை பின்னால் நிற்பதுதான் இயல்பு, அங்கே அது வெறும் தகவல்: எந்த வீடு, பெரிய வீடு. முன்னால் வந்தால் உங்கள் மதிப்பீடு கலந்துவிடும். முஹேர் கிராந்தே உருவத்தில் பெரிய பெண், கிரான் முஹேர் பெருமைக்குரிய பெண். ஓம்ப்ரே போப்ரே கையில் காசில்லாதவர், போப்ரே ஓம்ப்ரே என்றால் நாம் "பாவம் மனுஷன்" என்போமே அது. அமீகோ வியேஹோ வயதான நண்பர், வியேஹோ அமீகோ நெடுநாள் நண்பர், அவருக்கு இருபது வயதாகக்கூட இருக்கலாம். நமக்குப் பெயரடையை முன்னால் வைத்தே பழக்கம், அதனால் முதலில் எல்லாவற்றையும் பின்னால் தள்ளுங்கள், ஏ1-க்கு அது போதும். நிறம், நாடு, வடிவம் மூன்றையும் முன்னால் வைக்க நினைக்கவே வேண்டாம்.

வலென்சியாவாசி:

கன்சாதோவை யாரும் தொடவில்லையே. முதல்பாடம், நீங்கள் பெண் என்று நினைக்கிறேன். பெண் பேசினால் எஸ்தோய் கன்சாதா. செயலியில் ஆண் குரல் சொல்லியிருக்கும், நீங்கள் அப்படியே திருப்பிச் சொல்லியிருப்பீர்கள். "களைப்பாக இருக்கிறேன்" என்பதில் பேசுபவர் ஆணா பெண்ணா என்று தெரியாது, அதனால் நம் ஆட்கள் பலர் இதில் வழுக்குவார்கள். நாங்கள் களைப்பாக இருக்கிறோம் என்றால், எல்லாரும் பெண்களென்றால் கன்சாதாஸ், கூட்டத்தில் ஓர் ஆண் இருந்தாலும் கன்சாதோஸ். நியாயமா என்று கேட்காதீர்கள், ஸ்பெயினிலேயே அதைப் பற்றிச் சண்டை ஓயவில்லை, தேர்வில் மட்டும் இப்படியே எழுதுங்கள்.

ஸ்பானிஷில் "இரு" என்பதற்கு இரண்டு வினைகள்: இப்போதைய நிலைக்கு எஸ்தார் (எஸ்தோய், எஸ்தா), இயல்புக்கு சேர் (சோய், எஸ்). கன்சாதாவுக்கு எஸ்தார் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் அபுர்ரீதாவில் உஷார். எஸ்தோய் அபுர்ரீதா, எனக்கு அலுப்பாக இருக்கிறது. சோய் அபுர்ரீதா என்றால் நான் அறுவை ஆசாமி. எல் மாங்கோ எஸ்தா வெர்தே, மாங்காய் இன்னும் பழுக்கவில்லை. எஸ் வெர்தே என்றால் அதன் நிறமே பச்சை. இங்கே சந்தையில் இரண்டாவதைச் சொல்லி ஒருவர் பழக்கடைக்காரருடன் வாதாடியதைப் பார்த்திருக்கிறேன், கடைக்காரர் "ஆமாம், பச்சைதான், பழுத்ததும் பச்சைதான்" என்கிறார், இவர் விடுவதாக இல்லை.

முதல்பாடம்:

ஆமாம், பெண்தான். ரொம்ப நன்றி அக்கா, எல்லாருக்கும் நன்றி. மறுபடி எழுதிப் பார்த்தேன், யாராவது சரிபார்ப்பீர்களா?

மி எர்மானோ இ மி எர்மானா சோன் ஆல்தோஸ். (என் சகோதரனும் சகோதரியும் உயரமானவர்கள்)
தெங்கோ தோஸ் கமீசாஸ் அசூலெஸ் க்லாராஸ். (என்னிடம் இரண்டு வெளிர்நீலச் சட்டைகள் உள்ளன)
லோஸ் நீன்யோஸ் எஸ்தான் ஃபெலிஸெஸ். (குழந்தைகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்)
எல் பிரிமேர் தீயா, லா பிரிமேர் நோச்சே. (முதல் நாள், முதல் இரவு)
லாஸ் ஃப்லோரெஸ் சோன் முயாஸ் போனீத்தாஸ். (பூக்கள் மிகவும் அழகானவை)

கோடைமழை:

முதல் வரி அருமை. ஃபெலிஸெஸும் சரி, ஸ்பானிஷ் எழுத்தில் எழுதும்போது மட்டும் ஒருமையின் கடைசி எழுத்து மாறும், புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். லா பிரிமேரா நோச்சே, பெண்பாலில் வாலை வெட்டக் கூடாது. மிகவும் என்ற முய் எதற்கும் மாறாது, முய் போனீத்தாஸ் போதும், மாறுகிறவர் நிறைய என்ற முச்சோதான்: முச்சாஸ் ஃப்லோரெஸ்.

வெளிர்நீலச் சட்டைகள், கமீசாஸ் அசுல் க்லாரோ. நிறத்தோடு வெளிர், அடர் என்ற சொல் சேர்ந்துவிட்டால் இரண்டும் உறைந்துவிடும், பன்மையும் இல்லை, பெண்பாலும் இல்லை.

முதல்பாடம்:

அப்போது இளஞ்சிவப்புச் சட்டைகள்? ரோசா ஏற்கெனவே ஆ-வில் முடிகிறதே.

நிலவரைபடம்:

கமீசாஸ் ரோசா. ரோசா, நரான்ஹா (ஆரஞ்சு), வியோலேத்தா (ஊதா) எல்லாம் அடிப்படையில் பூ, பழப் பெயர்கள், அதனால் ஆண்பாலுக்கும் மாறாது, எல் கோச்சே ரோசா, இளஞ்சிவப்புக் கார். பன்மையில் ரோசாஸ் என்று போட்டாலும் இப்போது ஒப்புக்கொள்கிறார்கள். காசா ரோசாதாவில் இருப்பது ரோசாதோ என்ற வேறு பெயரடை, அது ஒழுங்காக நான்கு வடிவமும் எடுக்கும்.