கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன் அறிக்கையைப் படித்துச் சொல்ல ஆள் தேவை

வணக்கம் நண்பர்களே. எங்கள் கழிமுகத்தை ஒட்டிய தொழிற்சாலை விரிவாக்கத்துக்கு அடுத்த மாதம் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு குறித்த மத்திய அரசின் 2006 அறிவிக்கை சொல்வதுபோல் 30 நாளுக்கு முன்பே நாளிதழில் அறிவிப்பு வந்துவிட்டது. அந்த மதிப்பீட்டு அறிக்கையின் தமிழ்ச் சுருக்கமும் ஊராட்சி அலுவலகத்தில் இருக்கிறது. அதுவரை சரி.

ஆனால் சமூகத் தாக்கத்துக்கு ஒன்றரைப் பக்கம்தான். படகும் வலையும் கணக்கில் உண்டு. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, பறியை (பிடித்ததைப் போடும் ஓலைக்கூடை) பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் எங்குமே இல்லை. படகு இல்லாவிட்டால் தொழிலே இல்லை போலும்! நீர், மண் மாதிரிகளையும் கோடையில் மட்டும் எடுத்திருக்கிறார்கள். மழைக்காலம் தவிர்த்து ஒரு பருவம் போதும் என்பது விதிதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில்தானே கழிமுகம் முகம் மாறும்?

முழு அறிக்கையில் நீர்வாழ் உயிரினங்கள் பற்றிய பகுதியைப் படித்துச் சொல்ல யாராவது இருக்கிறீர்களா? எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுத்தவர்கள் மாதிரி மனு அனுப்பினால் பெரிய உதவி. அப்புறம், கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டுவார்களே, அதில் நாம் பேசியது விட்டுப்போனால் அங்கேயே சேர்க்க வைத்த அனுபவம் யாருக்காவது உண்டா?