விடிகாலை மூன்றரைக்கு எதிர்ப்பக்கத்துக் கிரைண்டர், என்ன செய்யலாம்?

வளவுவாசி:
காரைக்குடியில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றில் ஒரு பக்கத்தை வாடகைக்கு எடுத்து ஏழு மாதம் ஆகிறது. முற்றத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். அவர்கள் வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் ஆர்டருக்குச் செய்து கொடுக்கிறார்கள். தங்கமான ஆட்கள், நான் ஊரில் இல்லாத அன்று என் மனைவிக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்ததே அந்த அக்காதான். ஆனால் விடிகாலை மூன்றரைக்குப் பெரிய கிரைண்டரைப் போட்டால் எங்கள் அடுப்படிப் பலகையில் அடுக்கியிருக்கும் எவர்சில்வர் தம்ளர்கள் எல்லாம் கிணுகிணுவென்று ஆடுகின்றன. எட்டு மாதக் குழந்தை வீறிட்டு எழுந்தால் அப்புறம் எங்கள் தூக்கம் அவ்வளவுதான். ஓனருக்கு போன் போட்டேன். "உங்க பக்கந்தான் என் பங்கு, அந்தப் பக்கம் என் சித்தப்பா மகனோடது, நான் எப்படிச் சொல்ல?" என்கிறார். போலீசுக்குப் போகலாமா, காலி செய்வதா? அட்வான்ஸ் வேறு மாட்டிக்கொண்டிருக்கிறது.

கோட்டையூரான்:
சட்டப்படி உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல், அதற்கு மேல் போகக்கூடாது. போன் ஆப்பில் அளந்தால் உங்கள் திருப்திக்கு ஆகும், புகாருக்கு அதை யாரும் பெரிதாக எடுக்க மாட்டார்கள். 112க்கு அடித்தால் வந்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள், மறுநாள் முற்றத்தில் நீங்களும் அவர்களும்தான் முகம் பார்க்க வேண்டும். பொதுத் தொல்லை என்று பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்) 292ஆம் பிரிவைத் தூக்கிக்கொண்டு போனாலும், ஒரே ஒரு வீட்டுக்குத்தான் இடைஞ்சல் என்றால் வழக்கு நிற்பது கஷ்டம், நின்றாலும் அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய். மனசாறச் சண்டை போட வேண்டும் என்றால் தாராளமாகப் போங்கள்.

மருது:
வீட்டு கனெக்‌ஷனில் வியாபாரம் ஓட்டுகிறார்கள் என்று ஈபியில் ஒரு மொட்டைக் கடிதாசி போடுங்கள், அடுத்த வாரமே சத்தம் அடங்கும்.

பள்ளத்தூர் ஆச்சி:
மருது தம்பி, நல்ல யோசனை சொன்னீர்கள் போங்கள். ஒரு வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு இன்னொரு வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடியுமா?

வளவுவாசி தம்பிக்குச் சொல்கிறேன். நானும் பதினோரு வருஷமாகப் பலகாரம் போடுகிறேன். அவர்கள் ஏன் அந்த நேரத்துக்கு ஆட்டுகிறார்கள் தெரியுமா? வெள்ளைப் பணியார மாவு புளிக்கக் கூடாது, புளித்தால் நிறமும் போய்விடும், எண்ணெயும் குடிக்கும். அதனால் ஆட்டினோம், ஊற்றினோம் என்று இருக்க வேண்டும், காலை ஆறு மணி ஆர்டருக்கு மூன்றரைக்கு ஆட்டுவது இந்தக் கணக்கில்தான். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். அப்புறம் இரவு எட்டு மணிக்கே ஐஸ் தண்ணி விட்டு ஆட்டி, உடனே பிரிட்ஜில் வைத்துவிடப் பழகினேன், காலையில் உப்பும் கொஞ்சம் பாலும் கலந்து ஊற்றினால் ஒரு வித்தியாசமும் தெரியாது. கந்தரப்பத்துக்கும் வெல்லம் போடாமல் மாவை மட்டும் முதல் நாளே ஆட்டி வைக்கலாம்.

போய் "சத்தம் போடாதீர்கள்" என்று சொல்லாதீர்கள், வேகிற நேரத்திலும் போகாதீர்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் பாத்திரம் கழுவி உட்கார்ந்திருப்பார்கள், அப்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு உங்கள் மனைவி போகட்டும். சொல்லும் விஷயமும் மாவைப் பற்றியே இருக்கட்டும்.

இன்னொன்று, கிரைண்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றியிருக்கும் இடத்தில், தூணுக்குப் பக்கத்தில், வெறும் ஆத்தங்குடிக் கல் மேலேயே வைத்திருந்தால் அதிர்வு தரை வழியாக உங்கள் பக்கம் வரத்தான் செய்யும். நம் வீட்டுச் சுவரும் சுண்ணாம்பு பூசிக் கண்ணாடி மாதிரி இழைத்தது, சத்தத்தை வாங்கிக்கொள்ளாது, திருப்பி அடிக்கும். பின்னால் இருக்கும் இரண்டாம் கட்டுக்குத் தள்ளிவிட்டுப் பழைய டயரை வெட்டி நாலு காலுக்கும் கொடுத்தால் பாதி குறையும்.

தேவகோட்டை வாடகைதாரர்:
ஆச்சி சொன்னதைச் செய்யுங்கள், ஆனால் எழுத்திலும் ஒன்று இருக்கட்டும். புள்ளி பிரிந்த, அதாவது பங்காளிகள் பங்கு பிரித்துக்கொண்ட வீட்டில் இதுதான் தலைவலி, ஒரே கூரைக்கு ஐந்து ஓனர், நான் இருந்த வீட்டில் பங்காளி வீட்டுச் சாந்திக் கல்யாணத்துக்கு (அறுபதாம் கல்யாணம்) மூன்று நாள் வளவு முழுக்கப் பந்திதான், எங்கள் கதவைத் திறக்க முடியவில்லை. அக்ரிமெண்ட் போடும்போதே பொதுவான இடத்தை யார், எப்போது, எதற்குப் பயன்படுத்துவது என்று எழுதி வாங்கியிருக்க வேண்டும். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017இல் வந்தது, 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது, எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். உங்களுடையது பதிந்ததா? இல்லை என்றால் முதலில் அதைக் கேளுங்கள், அட்வான்ஸ் பேச்சுக்கும் அது உதவும். சித்தப்பா மகன் நம்பரையும் வாங்கி, தேதி நேரத்தோடு மரியாதையாக ஒரு வாட்ஸ்அப் போடுங்கள்.

வளவுவாசி:
எல்லோருக்கும் நன்றி, முக்கியமாக ஆச்சிக்கு. நேற்று மதியம் மனைவி போனாள், பின்னாலேயே நானும் போனேன். கிரைண்டர் தூணை ஒட்டித்தான் இருந்தது, ஒரு கால் தரையிலேயே படவில்லை, அந்த ஓட்டைக்குள் மடித்த காலண்டர் அட்டை! பெல்ட்டும் தளர்ந்து போயிருந்தது. சைக்கிள் கடையில் டயர் வாங்கி நானே வெட்டிக் கொடுத்தேன். இன்று காலை தம்ளர் ஆடவில்லை, சத்தம் மட்டும் இருந்தது. அக்கா இரவில் ஆட்டிப் பார்க்கச் சம்மதித்துவிட்டார், ஆனால் "வைகாசி முகூர்த்தத்துக்கு முந்நூறு பணியாரம் ஆர்டர் வந்தா என் பிரிட்ஜ் கொள்ளாது தம்பி" என்றும் சொல்லிவிட்டார். அந்த நாட்களை முன்கூட்டியே சொல்லச் சொல்லியிருக்கிறேன், நாங்கள் மனைவியின் அம்மா வீட்டுக்குப் போய்விடலாம். அக்ரிமெண்ட் பதியவில்லை. சித்தப்பா மகனுக்கு மெசேஜ் போட்டேன், நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.

ஆச்சி, கந்தரப்பத்துக்கு வெல்லத்தைக் காலையில் தூளாகப் போடுவதா, பாகாகவா? அக்கா கேட்கச் சொன்னார்.