பழைய மோனோ ப்ளூஸ் தட்டுக்கு எந்த ஊசி?

நண்பர்களே, ஒரு உதவி. சிகாகோவின் செஸ் இசைத்தட்டு நிறுவனம் 1958இல் வெளியிட்ட, ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் தொகுப்பு எல்பி (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு) கைக்கு வந்திருக்கிறது, பார்த்தால் அந்தக் காலத்துப் பதிப்பு மாதிரிதான் தெரிகிறது, உறை கொஞ்சம் கிழிசல், அது கிடக்கட்டும். என்னிடம் இருப்பது சாதாரண ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின் அலையாக மாற்றும் பாகம்). மோனோ தட்டில், அதாவது ஒற்றை ஒலித்தடத் தட்டில், இசை முழுக்க ஊசியின் பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது, ஆனால் இந்தக் கார்ட்ரிட்ஜ் மேலும் கீழுமான அசைவையும் சேர்த்து எடுப்பதால் தூசியும் கீறலும் கூடுதலாகக் கேட்கின்றன, ஹார்மோனிகா உச்சத்துக்குப் போகும்போது எரிச்சலாகவே இருக்கிறது. தனி மோனோ கார்ட்ரிட்ஜ் வாங்கலாமா, இல்லை ஆம்ப்ளிஃபயரில் மோனோ சுவிட்சைப் போட்டாலே போதுமா? ஊசி முனை 0.7 மில்லா, 1 மில்லா (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு)? பழைய பள்ளம் அகலம் என்பதால் எனக்கு 1 மில் பக்கம்தான் மனசு சாய்கிறது.

அப்புறம், கூடவே நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டுகள் சிலவும் வந்தன. அவற்றுக்கு 3 மில் ஊசி வேண்டும், ஆல்கஹால் பட்டால் அரக்கு கரைந்துவிடும், இது வரை தெரியும். லேபிள் நனையாமல் எதை வைத்துக் கழுவுகிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். டிஜிட்டலில் கேட்டுக்கொள் என்ற யோசனை மட்டும் வேண்டாம்!